ஞாயிற்றுக்கிழமை வெயில்

ஞாயிற்றுக்கிழமை சூரியனைக் கும்பிடாமல் என் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நார்வேயின் வடகோடிக்கு டிக்கெட் போட்டபோது எனக்கு இது உறைக்கவில்லை. மார்கழியில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. காலை உணவு நேரத்திலும் விடுதிச் சன்னலுக்கு வெளியே நீல இருட்டு, ஓசையின்றி விழும் பனி.

அவள் கோவிந்தாபுரத்திலிருக்கும் தன் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள்.

“அண்ணா, சூரியனைக் காட்டுங்க.”

“இங்க மண்டையப் பொளக்குது அம்மிணி” என்றபடி அவர் தென்னந்தோப்பை விட்டு வெளியே வந்து போனை வானத்துக்குத் திருப்பினார். திரை வெளுத்தது. அவள் கைகூப்பினாள். வாழ்நாளெல்லாம் நான் திட்டித் தீர்த்த வெயில்.

காப்பி கொண்டுவந்த உள்ளூர்ப் பெண் எங்கள் பின்னாலேயே நின்றுவிட்டாள். கண்களை மூடி, முகத்தைத் திரையின் பக்கம் நீட்டியிருந்தாள்.

“மச்சான், போனை எறக்கீராதீங்க” என்றேன்.