கிருஷ்ணப்பாவுக்கு ஓர் அனுதாப அட்டை

விவேக் நகரில் மரகதம் எஸ்.டி.டி. பூத் திறந்தது தொண்ணூற்று நான்கில். அவள் கணவர் கோதண்டராமனுக்கு சிவாஜி நகர் அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் வேலை. கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தை வெட்டும்போது விழும் கீற்றுகளைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. மஞ்சள், ரோஜா நிறம், தங்கக் கோடு ஓடிய வெள்ளை என்று வாரம் ஒரு கோணிப்பை வீட்டுக்கு வந்தது. கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்ததும் மரகதம் கத்தரிக்கோலும் மைதாப் பசையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

கீற்று ஒவ்வொன்றும் விரல் அகலம்தான். பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒட்டி, மேலே ஒரு பூவோ கிளியோ வைத்தால் வாழ்த்து அட்டை ஆகிவிடும். முதலில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள். தருமபுரியில் இருந்த அவளுடைய அண்ணன் ஒரே வருஷத்தில் பிறந்தநாள், மணநாள், பொங்கல், ஆயுத பூஜை, ரத சப்தமி என்று எல்லாவற்றுக்கும் அட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "போன் பண்ணும்மா, மரகதம். போன் கடை வெச்சிருக்கறதே நீதானே" என்றார்.

அட்டை அனுப்புவது நின்றது. கோணிப்பை நிற்கவில்லை. மரகதம் கீற்றுகளைப் பூத்துக்கே கொண்டுவந்து வெட்ட ஆரம்பித்தாள்.

அந்த பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே நிற்கிறவர்களோ, ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தமாகப் பேசுவார்கள். சஞ்சய் என்ற ஈரோட்டுப் பையன், வேலை கிடைத்துப் புதிதாக வந்தவன், மெஸ் சாப்பாடு பிரமாதம் என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, உடனே நண்பனைக் கூப்பிட்டுப் பன்னும் டீயுமாகத்தான் பொழுது போகிறது என்று அழாத குறையாகச் சொன்னான். அடுத்த முறை வந்தபோது மரகதம் ஓர் அட்டையை நீட்டினாள். வெளியே ரோஜா நிறத்தில் ஓர் இட்லித் தட்டு. உள்ளே, 'நல்ல மெஸ் சீக்கிரம் அமைய வாழ்த்துகள்.'

சஞ்சய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, நான் பேசறதை ஒட்டுக் கேக்கறீங்களா?"

"நான் எங்கப்பா கேக்கறேன்? அதுவா வந்து காதுல விழுது."

கோபமாகப் போனவன் மறுவாரமே திரும்பி வந்து, அறையில் கூட இருப்பவனுக்கும் ஒன்று வேண்டும், அவனுக்குப் பல்வலி என்றான்.

விஷயம் தெருவில் பரவியது. ஜனங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசத் தொடங்கினார்கள். உஷா என்ற டீச்சர் ஒருநாள் நேராகவே கேட்டார்: "எல்லாருக்கும் தர்றீங்க, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?"

"நீங்க 'அப்புறம், அப்புறம்'னே பேசி வெச்சுடறீங்க டீச்சர். அதுக்கு என்ன அட்டை போடறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை உஷா டீச்சர் திருச்சிக்குப் போன் போட்டு மாமியாரிடம் வலியச் சண்டை பிடித்தார். அவருக்குப் பச்சை அட்டையில் இரண்டு கிளிகள் கிடைத்தன.

இப்படி இருக்கும்போது அச்சகத்துக்கு ஒரு கராத்தே பள்ளியிலிருந்து சான்றிதழ் வேலை வந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளி எழுத்து. அந்த வாரம் கோதண்டராமன் கொண்டுவந்த கோணி முழுக்கக் கறுப்பு. எந்த வாழ்த்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. கிளி செய்தால் காக்கை ஆனது. யாரும் சாக வேண்டும் என்று மரகதம் நினைக்கவில்லைதான். ஆனாலும் துக்கச் செய்தி சொல்ல யாரும் வரவில்லையே என்பது அவளுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் மிக்ஸிக்காரர் போன் பேச வந்தார். சர்ச்சுக்குப் போகிற வழியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த உள்ளூர்க் கன்னடக்காரர். தெருவில் எல்லோருக்கும் மிக்ஸிக்காரர்தான்; பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவர் பெயர் கிருஷ்ணப்பா. கோலாரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் முனிராஜு, புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் இவர் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். அதற்குத்தான் போன். குரல் ஏறிக்கொண்டே போய், கடைசியில், "கிருஷ்ணப்பா சத்தோத அந்த்கோ!" என்று கத்தினார். கிருஷ்ணப்பா செத்துப்போனான் என்று நினைத்துக்கொள் என்று அர்த்தம். சரியாக அந்த நேரத்தில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனதில், 'நினைத்துக்கொள்' பஸ்ஸோடு போய்விட்டது. செத்துப்போனான் என்பது மட்டும் மரகதத்தின் காதில் விழுந்தது. வெளியே வந்த மனிதரின் கண்களும் கலங்கியிருந்தன.

மறுநாள் காலையிலேயே அட்டையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாள். கறுப்புக் கீற்றில் முடைந்த அட்டை, நடுவே வெள்ளித் துணுக்குகளால் ஒரு விளக்கு. உள்ளே, 'கிருஷ்ணப்பாவைப் போன்ற ஒரு மனிதர் இனி நமக்குக் கிடைக்க மாட்டார். ஆழ்ந்த அனுதாபங்கள்.'

கிருஷ்ணப்பாவுக்குத் தமிழ் படிக்க வரும். இரண்டு முறை படித்தார். நான்தான் கிருஷ்ணப்பா என்று சொல்ல வாயெடுத்தார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்றாள் மரகதம்.

திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா அம்மா அவரை?"

துக்க வீட்டில் தெரியாது என்று சொல்வது மரகதத்துக்குப் பழக்கமில்லை. "தெரியாம என்ன? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரே."

"நெஜமாவா?"

"யாருக்கு என்ன உதவின்னாலும் முதல் ஆளா வந்து நிப்பாரு. உங்களுக்கு அவர் என்ன வேணும்?"

"ரொம்ப நெருக்கம்" என்றார் கிருஷ்ணப்பா. ஐம்பது வயது வரை அவரைப் பற்றி யாரும் இப்படிப் பேசியதில்லை. கிரைண்டர் கல்லை எப்போது தருவீர்கள் என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலம் கடையைப் பூட்டியதும் பூத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். போன் பேசமாட்டார். "கிருஷ்ணப்பா பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க அம்மா" என்பார். மரகதம் கீற்றுகளை ஒட்டியபடியே சொல்லுவாள். கிருஷ்ணப்பா பாடுவார், யாரையும் கடிந்துகொண்டதில்லை, தெருநாய்கூட அவர் பின்னால் போகும். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த மனிதர் மேல் பிரியம் வந்துவிட்டது. ஒருநாள் இரண்டு பேருமே அழுதார்கள். போன் பேச வந்த சஞ்சய், அழுகிறவர்களைத் தாண்டிப் போகச் சங்கடப்பட்டுத் திரும்பிப் போனான்.

கோலாரில் முனிராஜு சும்மா இருக்கவில்லை. பத்திரிகையை மறுபடி அச்சடித்து, முதல் வரியிலேயே கிருஷ்ணப்பாவின் பெயரைப் போட்டு, கட்டோடு பஸ் ஏறி வந்தார். கடை பூட்டியிருந்தது. எதிர்ப்பட்ட பூத்தில் நுழைந்து, "கிருஷ்ணப்பா எல்லி இர்தாரே?" என்று, அவர் எங்கே இருப்பார் எனக் கேட்டார்.

மரகதம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பக்குவமாகத்தான் சொன்னாள். கேட்ட முனிராஜு ஸ்டூலில் சரிந்து, "நானே கொந்துபிட்டே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நானே கொன்றுவிட்டேன். மரகதம் தயாராக வைத்திருந்த கறுப்பு அட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

வழக்கம்போலக் கிருஷ்ணப்பா உள்ளே வந்தார்.

முனிராஜு "அய்யோ!" என்று அலறி எழுந்தார். முதலில் கட்டிப்பிடித்தார். பிறகு பத்திரிகைக் கட்டாலேயே நாலு சாத்துச் சாத்தினார். அடி வாங்கிக்கொண்டே கிருஷ்ணப்பா மரகதத்தைப் பார்த்து, "ரொம்ப அழுதாரா அம்மா?" என்று கேட்டார்.

மரகதத்துக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப அவரு சாகவே இல்லையா?" என்றாள். குரலில் இருந்தது ஏமாற்றம்தான். "அவருக்காக நான் சோறு தண்ணி இல்லாம கெடந்திருக்கேன். உயிரோட இருந்துக்கிட்டு எப்படிங்க அந்த அட்டையை வாங்குனீங்க? திருப்பிக் குடுங்க."

"தரமாட்டேன். அதுல என் பேரு இருக்குது."

"அது வேற கிருஷ்ணப்பா!" என்று கத்தினாள் மரகதம்.

கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. கிருஷ்ணப்பா முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். மிக்ஸி கொண்டு வருகிறவர்கள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "நீங்க அவரோட தம்பியா?" என்று கேட்டவர்களிடம் முதலில் இல்லை என்றார், பிறகு சும்மா இருந்தார், அப்புறம் ஆமாம் என்றே சொல்லிவிட்டார். அண்ணனின் குணங்களை அவர் சொல்ல ஆரம்பித்தால் வேலை நின்றுவிடும். பாடுவாராம், தெருநாய்கூடப் பின்னால் போகுமாம்.

மரகதம் அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். கறுப்புக் கீற்று தீர்ந்து, ஒரு வங்கிக் காலண்டரின் நீல ஓரங்கள் வர ஆரம்பித்தன. ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் நீல ரயில் செய்து கொடுத்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு தெருவில் செல்போன்கள் வந்தன. ஆட்கள் நடந்துகொண்டே பேசினார்கள். மரகதம் பூத்து வாசலில் ரீசார்ஜ் கூப்பனும் அட்டையுமாக உட்கார்ந்து, கடந்துபோகிறவர்களின் பேச்சைப் பாதி பாதியாகக் கேட்டாள். அதனால் அட்டைகளிலும் பாதி விஷயமே இருந்தது. ஒருவருக்கு 'அது எப்படியாவது கிடைக்க வாழ்த்துகள்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் மிகவும் சந்தோஷப்பட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய மிக்ஸி நின்றுபோனது. பக்கத்தில் வேறு கடை இல்லாததால் கிருஷ்ணப்பாவிடமே கொண்டுபோனாள். அவர் பேசாமல் வாங்கிக் கழற்றி, மாட்டி, ஓட்டிக் காட்டினார். மிக்ஸி ஓடியது, கூடவே கடகடவென்று ஒரு சத்தம்.

மரகதம் சட்டத்துக்குள் இருந்த அட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "கிருஷ்ணப்பா இருந்திருந்தா இப்படியா குடுத்தனுப்புவாரு?" என்றாள்.

கிருஷ்ணப்பாவின் முகம் வாடிவிட்டது. "இருங்க அம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, மிக்ஸியை மறுபடி கழற்றினார்.