வந்தவனுக்கு உடைத்த தேங்காய்

காலையில் சம்பலுக்குத் தேங்காய் உடைத்தேன். கத்தியின் பின்புறத்தால் ஒரே போடு. இந்த வயதிலும் என் கை தப்பாது. உடனே தொலைபேசி அடித்தது. பிக்கரிங்கில் இருக்கும் மகள்தான் என்று ஈரக்கையோடு ஓடினேன். கீழ்வாசல் காவலாளி. “சேர், ஏதோ விழுந்த சத்தமாம். சுகமாக இருக்கிறீர்களா?”

சுகம்தான். தேங்காய் மணம் பட்டால் எனக்குச் சமையல் நினைவு வராது, ஸ்டேடியம்தான் வரும். ரொறன்ரோவில் இந்தக் கொண்டோ மாடிக்கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒரு கல்லூரியின் கால்பந்து ஸ்டேடியம் இருந்தது. தலைக்கவசம் போட்டு, நீளப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் கால்பந்து. மாணவர்களே பலகை சுமந்து கட்டிய ஆசனங்களாம். ஒரு காலத்தில் சம்பியன் அணி. இடமில்லாமல் சனம் மரத்தில் ஏறிப் பார்த்ததாம். நானும் செல்வமும் கூட்டித் துடைக்கப் போன காலத்தில் பலகை உக்கி, ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். அணியும் அந்த நிலைதான். பார்க்க வருவது விளையாடும் பெடியளின் தாய் தகப்பன், மிச்சம் தும்புத்தடியோடு நாங்கள் இருவர்.

செல்வம் மோர்னிங்சைட்டில் என்னோடு ஒரே நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தவன். பெடியள் தோற்பது அவனுக்குத் தாங்காது. “தேங்காய் உடைக்காமல் இறங்கினா இப்பிடித்தானடா.” ஒரு சனிக்கிழமை தேங்காயோடு வந்தான். நாங்கள் வேலைக்கு நுழையும் வாசலில் கற்பூரம் கொளுத்தினான், உடைத்தது நான். இரண்டு பாதியும் அளந்து வெட்டியதுபோல. அன்றைக்கு எங்கள் அணி வாங்கிய அடி சொல்லி முடியாது. வென்ற எதிரணி அதே வாசலால் பாடிக்கொண்டு போய் பஸ் ஏறியது. அப்போதுதான் விளங்கியது, அது வெளியூர் அணிகளின் வாசல்.

“மடையா, வந்தவனுக்கெல்லோ உடைச்சுப் போட்டம்!”

“உடைச்சது நீ.”

“வாசலைக் காட்டினது ஆர்?”

அடுத்த ஆட்டத்துக்கு எங்கள் பெடியள் நுழையும் முன்பக்கச் செங்கல் வாசலில் உடைத்தோம். வென்றார்கள். அதன் பிறகு பயிற்சியாளரே வாசலில் காத்து நிற்பார்: “எங்கே உங்கள் தேங்காய்?” பிறகும் தோற்றதுண்டு; ஆனால் ஒரு துண்டை வாயில் போடாமல் ஒரு பெடியனும் இறங்கியதில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு ரொறன்ரோவின் எத்தனையோ கோபுரங்களில் கண்ணாடி துடைப்பது என் கொம்பனி ஆட்கள். கல்லூரி அணியைக் கலைத்தது, ஸ்டேடியத்தை இடித்தார்கள், கொண்டோ எழும்பியது. கடன் ஒரு சதமில்லாமல் அதில் வீடு வாங்கினேன். எல்லாம் செல்வத்தைப் பல்கனியில் நிறுத்தி, “பாரடா, நாங்கள் கூட்டின இடம்” என்று காட்டத்தான். அவன் ரெக்ஸ்டேலில் மகனோடு இருந்தான். கூப்பிடும் போதெல்லாம் ஒரே பதில்: “வாறன் வாறன், ஸ்னோ விடட்டும்.”

ஸ்னோ விட முன்னம் அவன் போய்விட்டான்.

செங்கல் வாசல் இருந்த இடம் இப்போது விருந்தினர் கார் நிறுத்துமிடம். வருகிறவர்கள் காரில் மாட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை தந்தார்கள். என்னுடையது பிளாஸ்டிக் உறை பிரியாமல் கதவோரம் தொங்குகிறது.

சம்பல் கூடிப்போய்விட்டது. பல்கனியில் நின்று பார்க்கிறேன். சற்று முன் கீழே ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நிமிர்ந்து மாடிகளை எண்ணினார். கையைத் தூக்கினேன். அவர் பார்த்தது எனக்குக் கீழ்வீட்டை.