முக்காலி வேண்டாம் என்ற வெள்ளிக்கிழமை

காஜா பெராங் என்ற ஊரில் தையல் கடை வைத்திருந்த என் அண்ணன் கய்யூமுக்கு, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, முழங்காலில் அறுந்த தசைநாரைத் தைத்தார்கள். ஒன்றரை ஆண்டு கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்கிப் பழகினார். பள்ளிவாசலில் முக்காலியில் உட்கார்ந்தே தொழுதார். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு, ஜப்பான்காரனுக்காக ஆள் பிடித்தவர்கள் நொண்டி என்று அவரை விட்டுவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார்.

"அஸ்மா, முக்காலி வேணாம்னுட்டேன். எல்லாரோடயும் மண்டி போட்டு, நெத்தி தரையில பட சஜ்தா செஞ்சேன்!"

"எல்லாரும் பார்த்தாங்களா அண்ணே?"

"பார்க்காம? கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க!"

சேதி ஆள் பிடிக்கும் கங்காணி வரை போனது. திங்கட்கிழமை லாரியோடு வந்து, அண்ணனை நடந்து காட்டச் சொன்னான். பதற்றத்தில் அண்ணன் நல்ல காலை இழுத்து நடந்தார்.

"போன மாசம் இழுத்தது மத்த காலு, டைலர் பாய்."

தைத்த காலை ஊன்றி, யாரும் கைகொடுக்காமல், அண்ணன் லாரியில் ஏறினார்.