முருகேசனிடம் சொன்ன பொய்

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கள்ளக்குறிச்சியில் நண்பர்களோடு புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்துப் போக்கர் ஆடுவேன். நல்ல சீட்டு வந்தால் அள்ளி வைப்பேன், மோசமானால் நாலைந்துதான். அதிலேயே என் சீட்டு எப்படியென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எந்தச் சீட்டுக்கும் ஒரே அளவு வைக்கப் பழகினேன்.

அன்று ஜெயிப்பவருக்குக் கல்வராயன் மலைத்தேன் பரிசு. ஒன்றுக்கும் உதவாத சீட்டுக்கும் வழக்கமான ஒரு கைப்பிடி வைத்தேன். மனைவிக்காக அந்தத் தேனுக்கு ஆசைப்பட்ட நண்பர் முருகேசன் தயங்கினார்.

"இன்னா சார், நெஜமாவே நல்ல சீட்டு கீதா?"

"இருக்குப்பா."

அதை நம்பி, கையில் மூன்று ராஜாக்கள் இருந்தும் கவிழ்த்து வைத்து ஆட்டத்தை விட்டுவிட்டார்; தேன் எனக்கு வந்தது. பெருமையாக என் சீட்டைக் காட்டினேன்.

"கொட்டைய வச்சி ஏமாத்தினா அது ஆட்டம். வாத்தியாரு வாயால சொன்னீங்களேன்னு வுட்டேன் சார்."

கூசிப்போய்த் தேனை நீட்டினேன்.

"சரி, குடுங்க. நாளைக்கு வாயத் தொறக்காம ஆடுங்க," என்று சிரித்தார்.

இப்போதும் ஏமாற்றுகிறேன், கொட்டையால் மட்டும். யாராவது கேட்டால் பேசாமல் சிரிக்கிறேன். தோற்றாலும் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.