முடித்தவர் எழுந்திருக்கக் கூடாது

1. மாதிரித் தேர்வு

கனகா எழுந்து போய் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவள் பேப்பரில் கணக்குப் போட ஆரம்பித்தாள். எனக்குத் தலை சுற்றியது. அது நான் வைத்த மாதிரித் தேர்வு.

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் சிலர் பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதவிருந்தார்கள். அவர்களுக்குச் சாயங்காலங்களில் சமுதாயக் கூடத்தில் அல்ஜீப்ரா அடிப்படைகளை ரிவிஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கனகாவுக்குப் பாஸ் ஆகியே தீர வேண்டும். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்குப் பத்தாவது கேட்கிறார்கள். இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். வெடித்த பாதத்தோடு இன்னும் எத்தனை வருடம் உப்புத் தண்ணீரில் நிற்பது என்று என்னிடம் அழுதிருக்கிறாள்.

பாடமெல்லாம் அமர்க்களமாகத்தான் போயிற்று. 3x-ம் 2x-ம் சேர்ந்து 5x ஆகும், 3x-ம் 2y-ம் சேராது என்றேன். உப்பையும் மண்ணையும் ஒரே அம்பாரத்தில் யாராவது கொட்டுவார்களா என்று என்னையே கேட்டார்கள். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்க வேண்டும் என்றதும், ஒருத்திக்கு மட்டும் டீ வாங்கினால் சண்டை வரும்தானே என்றாள் அஞ்சலை. சமக்குறியைத் தாண்டினால் கூட்டல் கழித்தலாகும் என்ற இடத்தில்தான் கனகா வழுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்ன கனகா பண்றே?" என்றேன்.

"நான் முடிச்சிட்டேன் டீச்சர். இவ மாட்டிக்கினு முழிக்கறா. வுட்டுட்டு எப்பிடி உக்காந்துனு இருக்கறது?"

உப்பளத்தில் அப்படித்தான். தன் பாத்தியில் உப்பு வாரி முடித்தவள் கரையேற மாட்டாள். கூடையோடு பக்கத்துப் பாத்தியில் இறங்குவாள். எல்லோரும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவார்கள். பரீட்சையில் இப்படிச் செய்தால் இரண்டு பேர் பேப்பரையும் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றேன். கனகாவின் முகம் சுண்டிப்போயிற்று. முடித்ததும் எழுந்திருக்காதே, வந்த விடையை x இருந்த இடத்தில் போட்டு இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார், கையை மட்டும் சும்மா வைக்காதே என்று கட்டளை போட்டேன். எல்லோருக்கும்தான்.

2. நிஜப் பரீட்சை

பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டு நின்றேன். எவள் எழுந்திருக்கப் போகிறாளோ என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல் அடித்ததும் கனகாவும் அஞ்சலையும் ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சாம். அஞ்சலைக்கு வியர்த்ததைப் பார்த்து அவள் மாட்டிக்கொண்டாள் என்று கனகா நினைத்திருக்கிறாள். கால் பரபரத்திருக்கிறது. எழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தன் விடைகளையே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாளாம். ஒன்றில் இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை. பார்த்தால், தாண்டிப் போன எண்ணுக்குக் குறி மாற்றவில்லை! திருத்திவிட்டாள்.

அஞ்சலைக்கு ஏன் வியர்த்ததாம்? அவள் எப்போதோ முடித்துவிட்டாள். பேப்பரை விட்டுத் தலை நிமிராத கனகாதான் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து, எழுந்து போகாமல் இருக்க அவளும் தன் விடைகளையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. கிளாஸைக் கீழே போட்டேன். பஸ்ஸையும் விட்டோம்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். விடையைச் சரிபாருங்கள் என்று சர்வீஸ் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன்; மார்க்குக்காக ஒரு பிள்ளைகூடச் செய்ததில்லை. பக்கத்தில் இருப்பவளை நினைத்துத் தவித்த இரண்டு பேர்தான் அதை முழுதாகச் செய்தார்கள். நம் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பழக்கம் தெரியாமல் பாடம் எடுக்கக் கூடாது.

ரிசல்ட் அன்று கனகா போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"டீச்சர், அஞ்சலை பாஸு!"

"நீ?"

"இன்னும் பாக்கல டீச்சர். இருங்க, இப்பதான் என் நம்பரைப் போடறேன்."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு அஞ்சலை, "இவளும் பாஸு!" என்று கத்துவதுதான் முதலில் கேட்டது.