ஜெஸ்பின் வட்டி பேசிய கதை

கடன் கேட்டு வந்தவளுக்குச் சாயாவும் வாழைக்காய்ச் சிப்ஸும் வாங்கிக் கொடுக்கிற கம்பெனியை எட்சனுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடியில் இருந்தது அந்த வீட்டுக்கடன் கம்பெனி. தங்கை ஜெஸ்பின் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி மேசையில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்சனுக்கு அந்த அடுக்கைப் பார்க்கவே பெருமையாக இருந்தது. அவன் ஒன்பதாம் வகுப்போடு நின்று பைப் கடை வைத்தவன். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான்.

நர்ஸிங் முடித்து மஸ்கட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். கணவர் பைக் விபத்தில் போனதும் மகளுக்காக ஊர் திரும்பி, தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அதன்பிறகு நான்கு வாடகை வீடுகள். ஒரு வீட்டுக்காரரின் மகன் துபாயிலிருந்து வருகிறான் என்றார்கள், இன்னொரு வீட்டில் மேலே மாடி கட்டப் போகிறோம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றியவள், ஐந்தாவது தடவை ஏற்றினால் சொந்த வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

குழித்துறைக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கிளீட்டஸின் வீடு விலைக்கு வந்தது. ஜெஸ்பின் இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டாள். இருபதாம் தேதிக்குள் பத்திரம் பதியாவிட்டால் முன்பணம் போய்விடும். மஸ்கட் சம்பாத்தியத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு லட்சம்தான். பாக்கி இருபத்திரண்டு லட்சத்துக்குத்தான் கடன்.

கம்பெனியில் கடன் பிரிவைப் பார்த்த ஜினோ இவர்கள் சபைக்காரன், பாடகர் குழுவில் பாடுகிறவன். எட்டே முக்கால் வட்டி, புராசசிங் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் விடலாம் என்றான். எட்சன் அதை எழுதித் தரச் சொன்னான்.

“ஒரே சபையில இருந்துகிட்டு எளுத்து எதுக்கு அண்ணா?” என்று ஜினோ சிரித்தான்.

அரசு வங்கியில் வட்டி இன்னும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பதிவுத் தேதியை ஜினோவிடம் சொல்லவே கூடாது என்று ஜெஸ்பின் அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவசரம் தெரிந்தால் விலை ஏறும் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் ஸ்தோத்திரக் காணிக்கைகளோடு வந்த ஜெபக் குறிப்புகளை வாசித்தார். காய்ச்சல், பரீட்சை, விசா என்று போய்க்கொண்டிருந்தது. நடுவே, சகோதரி ஜெஸ்பினுக்கு இம்மாதம் இருபதாம் தேதிக்குள் வீட்டுக்கடன் கிடைத்துப் பத்திரப்பதிவு தடையின்றி நடக்க ஜெபிப்போம் என்றார். ஆமென் என்று சபை முழுவதும் சொன்னது. பாடகர் வரிசையிலிருந்தும் அந்தச் சத்தம் வந்தது.

காணிக்கைக் கவரில் குறிப்பு எழுதிப் போட்டவள் எட்சனின் மனைவி நேசம்மாள். வீட்டுக்கு வந்ததும் எட்சன் சத்தம் போட்டான். அவளுக்கும் கோபம் வந்தது.

“நான் கர்த்தருக்குத்தான் எளுதிக் குடுத்தேன். ஜினோவுக்கா குடுத்தேன்?”

கர்த்தரிடம் சொன்னதை ஒருவன் காசாக்குவான் என்று எட்சனும் முழுதாக நம்பவில்லை.

திங்கட்கிழமையே நம்ப வேண்டியதாயிற்று. வட்டி ஒன்பதரை ஆகிவிட்டது, மேலிடத்து உத்தரவு என்றான் ஜினோ. புராசசிங் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது. தொண்ணூற்றாறாயிரம் ரூபாய் இன்சூரன்ஸ் கட்டாயம், அதையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். மலையாளத்தில் இருக்கிற மூலப்பத்திரத்தை மொழிபெயர்க்க எட்டாயிரத்து ஐந்நூறு. கிளீட்டஸ் ஏற்கெனவே மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கிய பிரதி கோப்பிலேயே இருந்தது. எட்சன் அதை எடுத்துக் காட்டினான். எங்கள் வக்கீல் செய்தால்தான் செல்லும் என்றான் ஜினோ.

வட்டி வித்தியாசம் மட்டும் மாதம் ஆயிரத்துக்குப் பக்கம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு அவள் கட்டவேண்டும்.

ஜெஸ்பின் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜினோ சாயாக் கப்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

“இனி எங்க அக்கா போவீங்க? இருபதாம் தேதிக்கு நாள் இல்லியே. சபையே சேந்து ஜெபிச்சிருக்கு.”

நேற்று தலை குனிந்து ஆமென் சொன்ன வாய் இது. எட்சன் எழுந்தபோது ஜெஸ்பின் கையைப் பிடித்தாள். “நீ ஒண்ணும் பறையாண்டாம் அண்ணா,” என்று சொல்லிவிட்டு, தன் அசல் தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகக் கிளீட்டஸ் வீட்டுக்குப் போனார்கள். ஜெஸ்பின் எதையும் மறைக்கவில்லை. ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்றாள். கிளீட்டஸ் தாடையைத் தடவினார். அவருக்கும் பணத்துக்கு அவசரம் உண்டு. ஆனால் அந்த வீட்டு வளவில் பதினொரு தென்னையும் இரண்டு பலாவும் நின்றன. பதிவு முடிந்த பிறகும் அடுத்த இரண்டு வெட்டில் கிடைக்கும் தேங்காயும் இந்த வருஷத்துப் பலாச்சக்கையும் உங்களுக்கே என்றாள் ஜெஸ்பின். கிளீட்டஸ் அண்ணாந்து குலைகளைப் பார்த்தார்.

“மூணு வெட்டு,” என்றார்.

“மூணு. ஆனா அடுப்பெரிக்க மட்டையும் கொதும்பும் எனக்கு.”

அவர் சிரித்துவிட்டார். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அவகாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே அரசு வங்கியில் விண்ணப்பம் கொடுத்தாள். அங்கே சாயாவும் கிடையாது, முகம் பார்த்துப் பேச ஆளும் கிடையாது. நான்கு தடவை நடக்க வைத்தார்கள். வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் அங்கேயும் உண்டு, ஆனால் ரசீதோடு. வட்டி எட்டு அறுபது.

இடையில் ஜினோ போனில் கூப்பிட்டான். எட்டே முக்காலுக்கே தருகிறேன், இன்சூரன்ஸ் வேண்டாம் என்றான். மேலிடத்து உத்தரவு என்னாயிற்று என்று ஜெஸ்பின் கேட்டாள். நான் சொன்னால் கேட்பார்கள் அக்கா என்றானாம். எட்சனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. குறைக்க முடியாமல் ஏற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான்.

பதிவு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நடந்தது. வீட்டுப் பிரதிஷ்டைக்குப் பாடகர் குழு வந்தது. ஜினோவும் வந்தான், மற்ற எல்லாரையும்விட உரக்கப் பாடினான். பிறகு முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை இறைச்சி வாங்கினான். எட்சன் பரிமாறும் கரண்டியை நேசம்மாளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

தண்ணீர் ஊற்ற வந்த ஜெஸ்பினிடம் ஜினோ குரலைத் தாழ்த்தினான். “அக்கா, ஒரு வருஷம் கழிஞ்சு கடனை எங்க பக்கம் மாத்திக்கிடலாம். எட்டரைக்குத் தாறேன்.”

“தின்னு மக்கா,” என்றாள் ஜெஸ்பின். “எனக்க வீட்டுல வந்து கடை விரிக்காத.”

அவன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவள் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.