நான் மாற்றிய வரிசை

எஸ்தரின் படிப்பைக் கெடுத்தவள் நான்தான். கை தவறி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்... வேண்டுமென்றே செய்தேன்!

கவரைப்பேட்டையில் இருவரும் ஒரே பள்ளி. இருவருக்கும் கணினி அறிவியல்தான் கனவு. மதிப்பெண்ணில் அவள் என்னைவிட ஒரு படி மேல். சென்னையிலும் கோவையிலும் இருந்த இரண்டு பெரிய கல்லூரிகளில் எதைக் கேட்டாலும் அவளுக்குக் கிடைக்கும்.

அவள் கேட்டது சென்னை. முன்பு எங்கள் வயலில் வேலை செய்த அவளுடைய அம்மா, பிறகு சேர்ந்த கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். வீட்டில் வேறு பெரியவர் இல்லை, பள்ளிக்குப் போகும் தங்கை மட்டும்தான்.

"கோயமுத்தூர் போனா அம்மாவ யாரு பாத்துப்பா? மெட்ராஸ்னா காலைல ரயில் ஏறுனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடலாம். அதையே முதல்ல போடு" என்றாள்.

கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை என் மடிக்கணினியில்தான் நிரப்பினோம். அவள் வீட்டு போனில் பாதி நாள் ரீசார்ஜ் இருக்காது. அதனால் ஓடிபி வர என் எண்ணையே கொடுத்திருந்தாள். இந்தப் பாவியின் மேல் அவ்வளவு நம்பிக்கை! சென்னை முதலில், கோவை இரண்டாவது. "நாளைக்கு நீயே லாக் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குக் கஞ்சி வைக்கக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்திருந்த என் அத்தை சிரித்தாள். "இன்னாடி, நம்ம நெலத்துல களை புடுங்கினவ பொண்ணும் நீயும் ஒரே ரயில்லயா போய்க்கினு வரப்போறீங்க?"

அத்தைமேல் பழி போடவா? சீ! அவள் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். மறுநாள் கோவையை மேலே ஏற்றியது நான். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதற்கு வழியே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். போனுக்கு வந்த எண்களைத் தட்டினேன். முடிந்தது.

அவள் இடம் எனக்குத் தேவைப்பட்டதா? அதுவும் இல்லை! சென்னையில் எனக்கு எப்படியும் கிடைத்திருக்கும், கிடைத்தது. என் பக்கத்தில் அவள் உட்காரக் கூடாது, எனக்கு முன்னே அவள் நிற்கக் கூடாது... அவ்வளவுதான்.

கோவை என்று ஒதுக்கீடு வந்தபோதும் அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. "நான்தான் அவசரத்துல மாத்திச் சொல்லிட்டேன் போல" என்று தன்னையே நொந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்! இப்படியும் ஒரு பிறவியா? அம்மாவை விட்டுப் போக முடியாமல் அந்த இடத்தைக் கைவிட்டாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி வேலைக்குப் போனவள், போனவள்தான்.

நான் இப்போது கடைசி வருடம். போன வாரம் ஸ்டேஷனில் கம்பெனிச் சீருடையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி பன்னெண்டாவது முடிச்சிட்டா. அவளுக்கும் கம்ப்யூட்டர்தான் வேணுமாம். நீயே போட்டுக் குடுடி. உன்னவுட்டா எங்களுக்கு யாரு இருக்காங்க?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்... "சரி, கூட்டிக்கினு வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.